பெரியவரு வந்திருக்காரு

"பெரியவரு வந்திருக்காரு" என்று வாசலில் குரல் கேட்டது. ஊரிலிருந்து என் மாமனார் வந்திருந்தார், அவ்வளவுதான். ஆனாலும் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

எனக்கு எட்டு வயதில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்குப் பிழைக்கப் போனோம். காய் உலர்த்தும் கூடத்தில் அம்மா நெருப்பைப் பார்த்துக்கொள்வாள். அவள் சேலையெல்லாம் புகையும் ஏலமும் மணக்கும். போன நாலாம் நாள் பொழுது சாயும்போது அப்பா ஓடிவந்து, "பெரியவரு வர்றாரு, வெரசா உள்ள போங்க!" என்று கத்தினார்.

மலையில் யானையைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். எனக்கு அது தெரியாது. பெரிய கங்காணிதான் வருகிறார், காய் சிந்திக் கிடந்தால் ஏசுவார் என்று விளக்குமாற்றோடு முற்றத்துக்கு ஓடினேன்.

மூங்கில் முறிந்தது. புதருக்கு மேலே கறுப்பாக ஒன்று அசைந்தது. என் கால் நகரவில்லை.

அம்மா நெருப்பை அப்படியே போட்டுவிட்டு, தொட்டிலில் அழுத தம்பியையும் விட்டுவிட்டு வந்து என்னை அள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். அந்தக் காயெல்லாம் கருகிப்போனது.

"தம்பிய ஏன்மா விட்டுட்டு வந்த?"

"அவன் நாலு செவுத்துக்குள்ள கெடந்தான். நீதானேடி அது முன்னால நின்ன."

இப்போது அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. மாமனாரை இன்னும் வாங்க என்று சொல்லவில்லை. கொல்லையில் என் மகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.