பதினொரு நிமிடம் நின்ற கப்பல்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. கடையின் முன்பக்கம் விளக்கும் வெளிச்சமுமாக, வருகிறவர்களை எல்லாம் அழகாகக் காட்டும் ஆளுயரக் கண்ணாடியோடு ஜம்மென்று இருக்கும். பின்னறையில் ஒரு சன்னல், ஒரு தேய்க்கும் இயந்திரம், அதன்மேல் ஓயாமல் ஒழுகும் தண்ணீர், அப்புறம் அவள். ஐம்பத்தோரு வயதில் இருபத்தாறு வருடம் அந்தத் தண்ணீர்ச் சத்தத்திலேயே போய்விட்டது.

கால் பவர் வித்தியாசம் இருந்தாலும் லென்ஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"கால் பவர்தானேம்மா, யாருக்குத் தெரியப்போகுது?"

"போட்டுக்கிறவங்களுக்குத் தெரியும் சார்" என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பிடிவாதக்காரிக்குப் போர்க்கப்பலோடு என்ன சகவாசம் என்று நீங்கள் கேட்கலாம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் ஒரு கட்டுரையை ஒன்பது வருடமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாள். உள்ளான் வகுப்புக் கண்ணிவாரிகள் என்பது கட்டுரையின் தலைப்பு. எதிரி கடலில் போட்டுவைத்த வெடிகளை வாரியெடுத்து வழி பண்ணித் தரும் சின்னக் கப்பல்கள் அவை. மொத்தம் ஏழு. ஏழுக்கும் பறவைப் பெயர்: உள்ளான், நாரை, கடற்காகம், மீன்கொத்தி, ஆலா, கூழைக்கடா, பவளக்காலி. பெரிய சண்டை எதிலும் அவை பேர் வாங்கவில்லை. அப்படிப்பட்ட கப்பல்களுக்கு ஏழாயிரம் சொல்லில் கட்டுரை எதற்கு என்று அவள் வீட்டுக்காரர் கேட்காத நாளில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போய்க் கீழே வருவதைத் தவிர வேறு பயணத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"உன் கப்பல் எப்பத்தான் கரை சேரும்?" என்பார்.

"சேர்றப்ப சொல்றேன், மாலை வாங்கி வைங்க" என்பாள் இவள்.

களஞ்சியத்தில் அவள் பெயர் 'கால்பவர்'. அவளோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் 'நங்கூரம்'. துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருத்தி 'அரைப்புள்ளி', அச்சகத்தில் பிழை திருத்துபவள். மூவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் கப்பலின் நீளம் நாற்பத்தாறு புள்ளி மூன்று மீட்டரா, நாற்பத்தாறு புள்ளி ஒன்பதா என்று மூன்று வாரம் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ஒருவர் முனையிலிருந்து முனை அளந்ததையும் மற்றவர் தண்ணீர் தொடும் இடத்தில் அளந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தது கடைசியில்தான் தெரிந்தது. அன்றைக்கு மூவரும் சிரித்த சிரிப்பு, கட்டுரையைப் பற்றி விவாதித்துக்கொள்ளும் பேச்சுப் பக்கத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது.

மதிய இடைவேளையில் அவள் போனை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு திருத்துவாள். தேய்த்த லென்ஸ்கள் தட்டுத் தண்ணீரில் கிடக்கும். சன்னல் வெளிச்சம் பட்டு அவை லேசாக ஆடுகிற மாதிரித் தோன்றும்போது, ஏழு கப்பலும் அந்தத் தட்டிலேயே வந்து நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்வாள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முதலாளி இருமினால்தான் இறங்கி வருவாள்.

இத்தனைக்கும் காரணம் அவள் அப்பா. இருபது வயதில் அவர் ஆலாவில் வேலை செய்தவர். எஞ்சின் அறையில் எண்ணெய்க் குடுவையும் கையுமாகச் சுற்றிவந்து, சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங் ஒவ்வொன்றுக்கும் வேளாவேளைக்கு எண்ணெய் விடுகிற ஆள். இப்போது எண்பத்து நான்கு. கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது; ஓரம் மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் பார்வை தேய்த்துக் கொடுக்கிறவளால் அப்பாவுக்கு ஒரு லென்ஸ் தேய்க்க முடியவில்லை. அந்தக் குறை அவளுக்கு நிறையவே உண்டு.

அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ, ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டுவாள். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு நீளம், அகலம், எடை என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். ஒரு வரி வந்ததும் கையை உயர்த்துவார். அவள் நிறுத்துவாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "ம்" என்று கையை இறக்குவார்.

அந்த வரி இதுதான்: 'மூடுபனியில் களைத்து வந்திறங்கிய பறவைக் கூட்டத்துக்காக ஆலா தன் இயந்திரத்தைப் பதினொரு நிமிடம் நிறுத்திக் காத்திருந்தது.'

சின்ன வயதில் அவள் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் அப்பா சொன்ன கதை அது. எங்கு பார்த்தாலும் பனி. கேப்டன் எஞ்சினை நிறுத்தச் சொல்கிறார். உலகமே வாயை மூடிக்கொள்கிறது. அப்பா ஏணியில் ஏறி மேலே வந்து பார்த்தால், கம்பியில், கயிற்றில், பீரங்கிக் குழாயின் மேல்கூட வரிசையாகப் பறவைகள். சிறகுச் சத்தம் இல்லை, அலைச் சத்தம் இல்லை. காய்ச்சல்காரப் பெண் அந்தப் பனிக்குள் இறங்கித் தூங்கிப்போவாள்.

ஒன்பது வருடத்துக்கு முன், விதி எதுவும் தெரியாத புதுசில், அவள் களஞ்சியத்தில் எழுதிய முதல் வரியே அதுதான். அங்கே சொந்த அனுபவம், வீட்டில் கேட்ட கதை எதுவும் செல்லாது. அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். அது தெரிந்த பிறகும் அந்த ஒரு வரியை மட்டும் அவள் தொடவில்லை. கால் பவருக்குச் சண்டை போடுகிறவள் அந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். வேறு யாரும் கவனிக்கவும் இல்லை.

இந்த வருடம் கட்டுரையைச் சிறப்புக் கட்டுரை ஆக்கலாம் என்று நங்கூரம் கிளம்பினார். பரிசீலனையில் தேறினால் ஒரு நாள் முழுக்க முதல் பக்கத்தில் நிற்கும். அதற்கு வரிக்கு வரி ஆதாரம் காட்ட வேண்டும். அரைப்புள்ளி ஓடியாடித் தேடி, பறவை வரிக்கும் ஒன்று பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். சிறிய போர்க்கப்பல்களைப் பற்றிப் போன வருடம் வந்த கனத்த புத்தகம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். 'முதல் பக்கச் சுருக்கத்துல இந்த வரியைத்தான் முதல்ல வைக்கணும், என்ன அழகு!' என்று எழுதியிருந்தாள்.

செய்தி கேட்டு அப்பா சின்னக் குழந்தை ஆகிவிட்டார்.

"புத்தகத்துலயே போட்டுட்டானா? பாத்தியா! நான் சொன்னப்ப உங்க அம்மா நம்பவே இல்லை."

முதல் பக்கம் வரும் அன்றைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார். அவரே பார்க்க முடியாத பக்கத்துக்கு அவர் எதற்குச் சட்டை மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

புத்தகத்தை நூலகத்தில் எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். 'களைத்து வந்திறங்கிய பறவைக் கூட்டத்துக்காக' என்று அப்படியே இருந்தது. களைத்து வந்திறங்கிய என்பது அவளுடைய சொல். பறவைகள் களைத்திருந்தன என்று அப்பா சொன்னதே இல்லை. அழகுக்காக அவளாகச் சேர்த்தது. புத்தகம் எழுதியவர் களஞ்சியத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்! இவர்கள் அந்தப் புத்தகத்தைக் காட்டிக் களஞ்சியத்தை மெய்யென்று நிரூபிக்கிறார்கள். ஒரு கப்பல் தன் வாலையே கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற கதைதான்.

அவள் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவின் பறவைகள் முதல் பக்கத்தில் வந்து உட்காரும். நாலு நாள் அவள் தேய்த்த லென்ஸில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. ஐந்தாம் நாள் இடைவேளையில், தட்டுத் தண்ணீரைப் பார்க்காமல், பேச்சுப் பக்கத்தில் எழுதினாள்:

'அந்த வரி நான் எழுதினது. புத்தகம் நம்மகிட்ட இருந்து எடுத்தது. அப்பா ஆலாவோட எஞ்சின் அறையில வேலை செஞ்சவர், அவர் சொன்ன கதை. வேற ஆதாரம் கிடையாது. எடுத்துடறேன். மன்னிச்சுக்கோங்க.'

எடுத்தும்விட்டாள்.

அரைப்புள்ளி ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. நங்கூரம் ஒரு படி மேலே போனார். 'அப்பா சொன்னது சும்மா இருக்காதும்மா. நான் தேடறேன்' என்று எழுதிவிட்டு, கால் வலியோடு துறைமுக நூலகத்துக்கு எட்டு நாள் நடந்தார். பழைய கப்பல்களின் நாட்குறிப்புகளை அங்கே தொகுதி தொகுதியாக அச்சிட்டு வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து வந்தது:

'கிடைச்சிருச்சு. ஆனா பறவை இல்லை. காலை ஆறு இருபது, மூடுபனி, எண்ணெய் விடாததால் பேரிங் சூடேறி இயந்திரம் நிறுத்தம், பதினொரு நிமிடம். எண்ணெய் விடும் பணியாளர் கண்டிக்கப்பட்டார். பேர் போடலை. கட்டுரையில சேர்க்கட்டுமா? நீங்க வேணாம்னா நான் அந்தத் தொகுதியைப் பாக்கவே இல்லை.'

ஆலாவில் ஒரு வேளைக்கு எண்ணெய் விட ஒரே ஆள்தான். அந்தக் காலை வேளையில் குடுவை யார் கையில் இருந்தது என்பது அவளுக்குக் காய்ச்சல் காலத்திலிருந்தே தெரியும். நல்ல மனசுக்காரக் கிழவர் நல்லது செய்யப்போய், அப்பாவின் பிழையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். அவளுக்கு அழுகையாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தினாள். தண்ணீர் நின்றது. அறை அத்தனை அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை.

'நானே சேர்க்கறேன்' என்று பதில் போட்டாள்.

ஞாயிறு நாலு மணிக்கு அப்பா தயாராக இருந்தார். அவள் நீளம் படித்தாள், அகலம் படித்தாள், எடை படித்தாள். அவர் தலையாட்டினார். ஆலாவின் பகுதி வந்ததும் நிறுத்தாமல் படித்துவிட்டாள்.

"எண்ணெய் விடப்படாததால் பேரிங் சூடேறி, மூடுபனியில் இயந்திரம் பதினொரு நிமிடம் நிறுத்தப்பட்டது. எண்ணெய் விடும் பணியாளர் ஒருவர் கண்டிக்கப்பட்டார்."

கை உயரவில்லை. நாற்காலியின் கிறீச்சுகூட நின்றுவிட்டது.

"அந்த ஆளோட பேர் போட்டிருக்கா?" என்றார் கடைசியில்.

"இல்லப்பா."

"ஏன்?"

"நாட்குறிப்புல பேர் இல்லை."

"நீ போடு. உனக்குத்தான் தெரியுமே."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நின்ன வாக்குலயே தூங்கிட்டேன்மா. இருபது வயசு. ரெண்டு நாளாத் தூக்கமில்லை. அது ஒரு சாக்கா? தப்பு தப்புதான். போடு, என் பேரைப் போடு."

"நீங்க சொன்னா செல்லாதுப்பா. அச்சுல வந்திருக்கணும்."

"அறுபத்து நாலு வருஷம் கழிச்சு ஒருத்தன் தானா வந்து ஒத்துக்கறான், அதுக்கும் ஆதாரம் கேக்கறீங்களா?" அவர் சிரித்தேவிட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப பறவைங்க?" என்றாள். ஒன்பது வருடமாகக் கேட்கப் பயந்த கேள்வி.

"வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. எஞ்சின் ஓடியிருந்தா வந்திருக்குமா? சத்தம் நின்னதும் பனிக்குள்ள இருந்து ஒவ்வொண்ணா இறங்குச்சு. கேப்டன் நிறுத்தச் சொன்னது அதுக்குன்னு சொன்னது மட்டும்தான் பொய். என்னைத் திட்ட மேல கூப்பிட்டார். நான் ஏறி வந்து பாத்தா, அவரே வாயைப் பொளந்துட்டு நிக்கறார். பேரிங் ஆறி, எஞ்சினைத் திருப்பி ஓட்டற வரைக்கும் ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை."

சன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் கழுத்தைச் சரித்து, ஓரப் பார்வையில் அவளைத் தேடிப் பிடித்தார்.

"அந்த வரியை இன்னொரு தடவை படி" என்றார்.

அவள் படித்தாள். 'பதினொரு நிமிடம்' வந்ததும் அவர் கையை உயர்த்தினார். அவள் நிறுத்தினாள். அந்தக் கை தானாக இறங்கும்வரை அடுத்த வரிக்குப் போகவில்லை.