எட்டு ரிலேயும் ஒரு மயிலும்

என் அக்கா வீட்டுக்காரர் நல்லம்பள்ளியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். திருவிழாவுக்கு சீரியல் பல்பில் மயில் கட்டுவதில் மாமாவை விட்டால் ஆளில்லை. மோட்டாரில் சுற்றும் ஒரு மர உருளை, அதன்மேல் பல்புக்குக் கரண்ட் கொடுக்கும் செம்புத் தகடுகள். அது சுற்றச் சுற்ற மயில் தோகையை விரித்து மடக்கும். நானோ அப்போதுதான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, அந்த உருளையின் வேலையைச் செய்யப் பெங்களூரில் மைக்ரோகன்ட்ரோலர் சிப் வாங்கி வந்திருந்தேன். திமிருக்குக் கேட்கவா வேண்டும்! அந்த மரக்கட்டை வந்தால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமா தலையாட்டினார். இந்த வருஷம் விளக்கு சொதப்பினால் ஆர்டர் சேலத்துக்காரருக்கு என்று கோயில் கமிட்டி ஏற்கெனவே சொல்லியிருந்தது.

இரண்டு நாள் முன்னால் கடையில் ஓட்டிப் பார்த்தோம். சிப்பின் எட்டுக் கால்கள், டக்கென்று பல்பைப் போட்டு அணைக்கும் எட்டு ரிலே, எட்டு இறகுக் கொத்து. தோகை மொத்தமாக மாற வேண்டும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாறியது.

"என்னடா, மயிலு எறகு உதுக்குதா?" என்று அக்கா சிரித்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரிலேயைக் குறை சொன்னேன், வயரைக் குறை சொன்னேன், கரண்ட்டையும் விடவில்லை.

மாமா பல்பைப் பார்க்கவே இல்லை. மயிலுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உருளையையும் அவர் காதால்தான் சரிபார்ப்பார்.

"டக்கு டக்குன்னு எட்டுத் தடவ கேக்குதுங்க மாப்ள. ஒரே டக்குதான வரணும்?"

சுருக்கென்றது. புரோகிராமில் சிப்பின் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனிக் கட்டளை எழுதி, சோதித்துப் பார்க்க நடுநடுவே காத்திருக்கவும் சொல்லியிருந்தேன். அதை எடுக்க மறந்திருக்கிறேன், மடையன். எட்டின் நிலையையும் ஒரே எண்ணாகச் சேர்த்து, ஒரே கட்டளையில் வெளியே அனுப்பியிருக்க வேண்டும். மறுநாள் முதல் பஸ்ஸில் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போய், படித்த இடத்து லேப்பில் கெஞ்சிக் கூத்தாடி, புரோகிராமைத் திருத்தி வேறொரு சிப்பில் ஏற்றி வந்தேன்.

திருவிழா அன்று சாமி புறப்படும்போது சுவிட்சைப் போட்டேன். மாமா ரிலேப் பெட்டி பக்கத்தில் கண்ணை மூடி நின்றார். டக். தோகை மொத்தமாக விரிந்தது. டக். மடங்கியது. மாமா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை வயர்களை ஏற்ற டெம்போவில் ஏறினேன். தார்ப்பாய்க்குக் கீழே அந்த மர உருளை, தகடெல்லாம் தேய்த்துத் துடைத்து, மாட்டினால் ஓடத் தயாராக இருந்தது. கொதித்துப் போனேன். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கத்தினேன்.

மாமா வயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "ஆர்டரு போனாப் போவுதுங்க. ஊரு முன்னால நீங்க தல குனிஞ்சு நிக்கக் கூடாது மாப்ள. அதான்."

உருளையை நானே தோளில் தூக்கிப் போய்க் கடையில் வைத்தேன்.