உடையாத ஜாயிண்ட்

கொதிக்கும் இரும்புக் குழாயில் ஈரப் பலகையை அழுத்தி வளைக்கும்போது எழும் ஆவி வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால், கவரைப்பேட்டையில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீடும், ஷிப்ட் முடிந்து தோளில் பலகையோடு வரும் நைனாவும்தான் எனக்கு நினைவுக்கு வருவார்கள். நைனா, அதாவது எங்கள் அப்பா, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வெல்டர். வெளிநாட்டு மெஷின் வந்த "பேக்கிங் பொட்டி"யின் பைன் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து, அக்காவுக்கு வயலின் செய்தார். இசைக் கல்லூரி நேர்காணலுக்குச் சொந்த வயலினோடு வரவேண்டும் என்றிருந்தார்கள். அதுவரை டீச்சருடையதில்தான் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

வயலினின் பக்கப் பலகைகளை அந்தச் சூட்டுக் குழாயில்தான் வளைத்தார். மேல்மூடிப் பலகையைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார், விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார், மறுபடி சுரண்டுவார். மூடியின் உட்புறம் நீளவாக்கில் வரும் தாங்குகட்டையைச் சாதாரண மரப்பசையால் ஒட்டினார். ஆனால் மூடியைப் பெட்டியோடு சேர்க்கும்போது பாழாய்ப்போன வெல்டர் புத்தி வந்துவிட்டது. இரும்புக்கே போடும் இரண்டு டியூப் பசையைக் கலந்து பூசினார்.

"நல்ல ஜாயிண்டுன்னா இன்னா தெரியுமா? உடைச்சா பக்கத்துல இருக்கற இரும்புதான் உடையணும், ஜாயிண்டு நிக்கணும்" என்றார். நாங்கள் கை தட்டினோம், மடச்சிகள்.

வயலின் நன்றாகத்தான் பேசியது, அடைமழை பிடிக்கும்வரை. நேர்காணலுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஈரத்தில் தாங்குகட்டை பசை விட்டு, வில் பட்டாலே "கர்ர்" என்றது. சென்னையில் வயலின் பழுது பார்ப்பவரிடம் மூன்று பேரும் போனோம். அவர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு நைனாவை நிமிர்ந்து பார்த்தார்.

"மூடிய, சூடு காட்டினா விட்டுடற வச்சிரப் பசையில லேசாத்தான் ஒட்டணும். ஒரு நாளைக்குத் தொறக்க வேணாமா?"

இதைத் திறந்தால் மரம் போய்விடும் என்று கையை விரித்துவிட்டார். நைனா கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கத்தியைச் சூடாக்கி விளிம்பில் செருகிச் செருகி நெம்பினார். மூடி நடுவே பிளந்தது. ஜாயிண்ட் நின்றது.

"வுடு நைனா. எனக்கு வோணாம்" என்றாள் அக்கா. அவள் அழுதிருக்கலாம், கத்தியிருக்கலாம். அந்தச் சாந்தமான குரலைத்தான் நைனாவால் கடைசிவரை தாங்க முடியவில்லை. டீச்சரிடம் மறுபடி கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. நேர்காணல் நாளும் போயிற்று.

நைனா இப்போது இல்லை. அக்கா புதுவாயல் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் வீடு மாற்றும்போது பரண்மேல் அந்த வயலின் கிடைத்தது. தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்திருந்த தடம் மறைந்து வழவழப்பாகிவிட்ட இடதுகை விரல்களால் அக்கா அதன் விளிம்பை நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"நைனா சொன்னா மாரியே நிக்குது பார்டி" என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனாள்.