இடப்பக்கத்துக்குத் தனிப் பேப்பர்

தையல் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று என் கணவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய மரியாதை யாருக்கும் கிடைத்ததில்லை. மகள், "அம்மா, உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு நடையில் நின்ற அக்கா மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, என் கணவருடைய அண்ணனின் மனைவி. மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் எங்கள் இரண்டு வீடும் இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கைபட்ட எதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பதை அவள் வேலையாகவே வைத்திருந்தாள். மீன் குழம்புக்குப் புளி கூடுதல், சேலைக்கு மடிப்புக் கோணல், நான் பெற்ற பிள்ளைக்கு மூக்குச் சப்பை. நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்தை அவள் கண்ணெதிரிலேயே அம்மிக்குழவியால் தட்டி உடைத்துத் தின்றிருக்கிறேன். இப்படி வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பிறகு அவளுக்கு நோய் வந்தது. திருவனந்தபுரத்தில் ஆப்பரேஷன் செய்து இடது மார்பை எடுத்தார்கள். அதன் பிறகு மருந்து, கதிர் வைத்தியம் என்று வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஒரு வருஷம் போயிற்று. இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உதிர்ந்த முடியும் முளைத்தது, அதுவும் சுருள் சுருளாக. விவரம் தெரியாத ஒருத்தி, எந்தப் பார்லரில் சுருட்டியது என்று அவளிடமே கேட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் திரும்பி வந்தவள் வேறு யாரோ. ஒரு நாள் என் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு மக்கா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று நான் குழம்புக்கு உப்பே போட்டிருக்கவில்லை.

சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள் அவள். குரலும் அப்படி, சேலை கட்டும் நேர்த்தியும் அப்படி. ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாடினாள். அடுத்த வாரம், "தொண்டை பழையபடி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் நம்பினார்கள். குளியலறையில் அவள் பாடுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும், அதனால் நான் நம்பவில்லை. ஆனால் கேட்கப் பயமாக இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, என் பழைய அக்கா எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இந்த நல்ல மனுஷியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தையல் வகுப்பு திங்கள்சந்தையில், ஒரு உரக்கடையின் மாடியில் நடந்தது. டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். மற்றவர்கள் கல்லூரி முடித்த பிள்ளைகள். என்னை எல்லோரும் அக்கா என்றார்கள், டீச்சர் உட்பட. திட்டும்போதும் மரியாதையாகவே திட்டுவாள்: "அக்கா, இதப் பிரிச்சிட்டு முதல்ல இருந்து தைங்க."

துணியைத் தொடுவதற்கு முன்னால் பிரவுன் பேப்பர். அளவுகளைப் பாதியாக்கி, காலாக்கி, புள்ளி வைத்து, வளைத்து வரைந்து வெட்ட வேண்டும். அதில் ஒரு சௌகரியம் உண்டு. முன்பக்கத்தை ஒரு தடவை வரைந்தால் போதும். துணியை இரண்டாக மடித்து அதன்மேல் பேப்பரை வைத்து வெட்டினால் வலதும் இடதும் சேர்ந்தே வந்துவிடும். "பாதி வரஞ்சா போரும், மறுபாதி தானா வந்திரும்" என்பாள் டீச்சர். எனக்கு வரும்தான், கொஞ்சம் தாமதமாக. நான் தைத்த முதல் சுடிதார் பேண்டில் என் மகளால் ஒரு காலைத்தான் நுழைக்க முடிந்தது.

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கியபோது பாடகர் குழுப் பெண்களுக்கு ஒரே மாதிரி கிளிப்பச்சைச் சேலை எடுத்தார்கள். விலகி இருந்தவளுக்கும் மறக்காமல் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அக்கா அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு வாரம் கழித்து, சேலையிலிருந்து வெட்டிய பிளவுஸ் துணியோடும் ஒரு அளவு ஜாக்கெட்டோடும் என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பண்டியலுக்குப் போறியாக்கா?"

"போவணும்னு இல்லட்டி. சும்ம தச்சு வைக்கலாம்னு. நீயும் பழவணும்லா."

துணியைக் கையில் வாங்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் போக ஆசை. பிளவுஸ் சரியாக அமைந்தால் போவாள்.

அளவு ஜாக்கெட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு உடம்பில் டேப் வைத்து அளந்தால் பிடிக்காது. இருப்பதிலேயே நன்றாக அமைந்த பழைய பிளவுஸைக் கொண்டுபோய்த் தையல்காரரிடம் கொடுத்து, "இதே மாதிரி" என்பார்கள். அது பெரும்பாலும் தாங்கள் அழகாக இருந்ததாக நினைக்கும் வருஷத்துப் பிளவுஸாக இருக்கும். கல்யாணத்துக்கு முந்தியதைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அனுபவப்பட்ட தையல்காரர் ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இரண்டு இஞ்ச் கூட்டி வெட்டிக்கொள்வார்.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, நான் மாணவி. அக்கா கொடுத்தது நோய் வருவதற்கு முன் தைத்த பிளவுஸ். அவளுக்கு நடந்தது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் கூட இருந்தவளே நான்தான். ஆனால் அளவு ஜாக்கெட் என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் எங்களுக்கு அதுதான் ஆள். அளந்தேன், பாதியை வரைந்தேன், மடித்து வெட்டினேன், தைத்தேன். டீச்சர் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு முதல் தடவையாகப் பாராட்டி, "அக்கா, இது கொள்ளாம்" என்றாள். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பிளவுஸோடு அறைக்குள் போன அக்கா வெளியே வரவில்லை. நான் அவள் வீட்டு நடையிலேயே நின்றேன். கடைசியில் குரல் வந்தது.

"உள்ள வா. கதவச் சாத்திட்டு வா."

வலது பக்கம் அச்சாக இருந்தது. இடது பக்கத்தில் துணி காற்றுப் போன பலூனைப் போல மடிந்து கிடந்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு இடது கை நீர்வைத்துத் தடித்துவிட்டதால், அந்தப் பக்கத்து பிளவுஸ் கை முழங்கைக்கு மேலேயே இறுகிப் பிடித்து நின்றது.

"நல்லாத்தான் தச்சிருக்க. உனக்க டீச்சருக்குக் குடு, அவளுக்குச் சேரும்" என்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னாள். பிளவுஸுக்குள் இடது பக்கத்தில் கைலேசு என்று நாங்கள் சொல்லும் கைக்குட்டைகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு பாடப் போயிருக்கிறாள். இரண்டாவது சரணத்தில் மூச்சை இழுத்தபோது அது கழுத்துப் பக்கமாக ஏறத் தொடங்கியிருக்கிறது. "மூணாம் சரணத்துல தாடையில முட்டிச்சு மக்கா. பாட்டுப் புஸ்தகத்த வச்சு மறைச்சுக்கிட்டு நின்னேன். பாஸ்டரு, இவ்வளவு பக்தியா வாசிக்காளேன்னு பாத்துக்கிட்டு நின்னாரு."

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் நிறுத்தின பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

"சும்ம கெடட்டி" என்றாள். "யாருகிட்டயும் பறஞ்சிராத."

இதை எழுதுவதற்கும் அவளிடம் கேட்டுவிட்டேன். "எழுது, பேரு மட்டும் போடாத" என்றாள்.

பிளவுஸ் சேராத அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். கல்யாணமாகி வந்த பிறகு அவள் உடம்பை நான் தொட்டது ஆஸ்பத்திரியில்தான், அதுவும் போர்வைக்கு மேலாக. இப்போது டேப்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். தழும்பு தோளுக்கடியிலிருந்து நெஞ்சுக்கு நடுவரைக்கும் ஓடியது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே எண்ணைச் சொன்னேன்.

"கூச்சமா இருக்காக்கா?"

"எனக்கு ஒரு கூச்சமும் இல்ல. நீதான் ஜன்னலப் பாத்து அளக்கிய. இங்க பாத்து அளவெடு. இல்லேன்னா இதுவும் கோணிப்போவும்."

பார்த்தேன். பார்த்து அளந்தேன். வலது தோள், இடது தோள், வலது கைச் சுற்று, இடது கைச் சுற்று. எல்லாவற்றுக்கும் இரண்டு எண்கள் வந்தன. ஓர் எண்கூட அதன் ஜோடியோடு ஒத்துப்போகவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் பிரவுன் பேப்பரை விரித்து வலது முன்பக்கத்தை வரைந்தேன். இடப்பக்கத்துக்குத் தனிப் பேப்பர். அதில் மார்புக்கு வடிவம் கொடுக்கும் டார்ட் மடிப்பு கிடையாது. அக்குளில் தாராளம், கையில் அகலம், லைனிங்குக்குள் மார்பின் இடத்தை நிரப்ப ஒரு பை. பாதியை வரைந்தால் மறுபாதி தானாக வரும் என்பதெல்லாம் இந்த உடம்பிடம் நடக்கவில்லை. அழித்து அழித்து வரைந்ததில் பேப்பரே கிழிந்தது. துணி இன்னொரு தொல்லை, பிளவுஸ் துணியைத்தான் ஏற்கெனவே வெட்டி முடித்தாயிற்றே. சேலையில் இடுப்புக்குள் சொருகுகிற உள்முனையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக்கொண்டேன். "மெலிஞ்சுதானே போனேன், ஒரு சுத்து கொறஞ்சா என்ன?" என்றாள் அக்கா. கிளிப்பச்சையை எடுப்பதற்கு முன்னால் பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் தைத்து அவளுக்குப் போட்டுப் பார்த்தேன்.

பேப்பரை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனது என் புத்திகெட்டதனம். அக்குள் வளைவில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருந்தது. டீச்சர் இரண்டு பேப்பரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"அக்கா, ரெண்டும் ஒண்ணுபோல இருக்காண்டாமா? இவ்வளவு நாள் படிச்சும் இப்பிடியா?"

"கை தவறிட்டு டீச்சர்."

"அக்கா புது பேஷன் கண்டுபிடிச்சிருக்காவ" என்றாள் ஒரு பிள்ளை. வகுப்பே சிரித்தது. சொல்ல முடியாத காரியம், பேப்பர்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். அன்று மாலை வரை என்னை நேர்கோடு போடவைத்தாள் டீச்சர்.

பையை நிரப்புவதில்தான் உண்மையான கஷ்டம். தலையணைப் பஞ்சை வைத்தால் கனமே இல்லை, அக்கா கையைத் தூக்கினால் அதுவும் கூடவே எழுந்து வந்தது. கனம் வேண்டும், ஆனால் உறுத்தக் கூடாது. அப்போதுதான் என் பிள்ளைக்குத் தலை வடிவாக வர வேண்டும் என்று வைத்திருந்த கடுகுத் தலையணை ஞாபகம் வந்தது. கைக்குழந்தைக்கே உறுத்தாதது இவளுக்கா உறுத்தும்? மெல்லிய மல்லுத்துணியில் கிண்ண வடிவமாகத் தைத்து, கடுகைப் போட்டு, மேலே கொஞ்சம் பஞ்சு வைத்து மூடினேன்.

"கடுகா? வெயில்ல நின்னா பொரியாதா?" என்றாள் அக்கா.

"பொரிஞ்சா கறிவேப்பிலயும் போட்டிருவோம்."

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், இடது கையை முடிந்த மட்டும் தூக்கினாள், மூச்சை இழுத்துச் சத்தமில்லாமல் ஒரு சரணத்துக்கு வாயசைத்தாள். அது அசையவில்லை. கழற்றி மடித்து அலமாரியில் வைத்தாள். பண்டிகைக்குப் போவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பண்டிகையன்று காலையில் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. கோயிலுக்குள் நுழைந்தபோது கிளிப்பச்சை முன்வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று யாரும் என்னிடம் கேட்கக் கூடாது. பாஸ்டர் என்ன பிரசங்கம் செய்தார் என்றும் கேட்கக் கூடாது. ஆராதனை முடியும்வரை அக்காவின் இடது முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்திலிருந்த கணவர் இரண்டு தடவை இடித்தார்.

ஆராதனைக்குப் பிறகு பந்தலில் அசனம், சபையார் எல்லோருக்கும் பொதுச் சாப்பாடு. நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழுப் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு வந்தார்கள். ஒருத்தி அவள் தோளைத் தொட்டுப் பார்த்து, "எங்க தச்சிய? நல்ல ஒதுங்கி, அளவா இருக்கே" என்றாள்.

"இந்தா இருக்கால்லா, இவ தச்சதுதான்" என்றாள் அக்கா. பிறகு பந்தல் முழுக்கக் கேட்கிற குரலில் தொடங்கினாள். "கழுத்தப் பாத்தியளா, ஒரே எறக்கம். கொக்கி ரெண்டுக்கு எடையில கையே போவும். மடக்குத் தையலு வண்டித்தடம் மாதிரி வளைஞ்சு போவுது. படிச்சாளாம் படிப்பு. ஒருத்தியும் இவகிட்ட துணி குடுத்திராதீங்கட்டி, நான் பட்டது போரும்."

பெண்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்து, சாம்பாருக்கு உப்பு கூடிவிட்டது என்று பரிமாறுகிறவர்களைத் திட்டத் தொடங்கினாள்.

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். சோற்றில் கண்ணீர் விழுந்தது. பக்கத்து இலையில் இருந்த வயதான அம்மா ஒருவர் என் டம்ளரில் தண்ணீரை ஊற்றி, "காரம் எரிக்குதா மக்கா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.