பிறிஜெற் ரீச்சரின் அரியண்டம்

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற் ரீச்சரைப் போல அரியண்டம் பார்க்கிற, எதைத் தொடவும் அருவருக்கிற மனுஷி இன்னொருத்தி இருந்திருக்கமாட்டாள். ட்ராம் வண்டிக் கம்பியைப் பிடித்தால் உடனே கைலேஞ்சியை எடுத்துக் கையைத் துடைப்பாள். மீனைத் தாள் சுற்றி வாலில்தான் தூக்குவாள். இப்படிப்பட்டவளின் தலையில்தான், எங்கே போய்ச் சொல்ல, பாலர் வகுப்பின் இயற்கைப் பாடத்தைக் கட்டிவிட்டார் தலைமை வாத்தியார் ஒஸ்வால்ட். தவளை, நத்தை, மண்புழு!

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. அவள் தற்காலிக ஆசிரியை. பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற வித்தியாதரிசி வந்து பாடத்தைப் பார்த்து நல்லபடி எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். படுக்கையில் கிடக்கிற தாய்க்கும் அவளுக்கும் அந்த வேலைதான் சோறு.

ஆனால் படிப்பித்தாள் என்றால் அப்படிப் படிப்பித்தாள். சீமையில் அச்சடித்த புத்தகத்தில் பனிக்கரடியும் ஒட்டகமும் இருந்தன. இந்தப் பிள்ளைகள் பனியை எங்கே கண்டதுகள்? புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை எல்லாரையும் ரயிலேற்றி வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். மூக்கைப் பொத்திக்கொண்டு அழுகின பாசியை மிதித்துப்போய், பாறையிடுக்கில் சங்குக்குள் குடியிருக்கும் நண்டைக் காட்டினாள். இதற்குப் பின்பக்கம் வெறும் சதை, அதனால்தான் செத்த நத்தை விட்டுப்போன ஓட்டுக்குள் குடிபுகுகிறது, அதற்கேற்றபடிதான் உடம்பே சுருண்டிருக்கிறது, ஓடு போனால் வெயிலும் காகமும் விடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கையால் மட்டும் தொடவில்லை. குடை நுனியால்தான் காட்டினாள்.

அடுத்த கிழமையே றோஸி என்ற சின்னப்பிள்ளை ஒரு பிஸ்கட் தகரம் நிறையச் சங்குகளோடு வந்தாள். தூண்டில் போடுகிற மாமாவோடு முகத்துவாரத்தில் பொறுக்கியதாம். எல்லாம் பளபளவென்றிருந்தன, ஒரு பொட்டு நாற்றமில்லை. ரீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மன்னர் படத்துக்குக் கீழே இருந்த கண்ணாடி அலுமாரியில் அடுக்கிவைத்தாள். ஒஸ்வால்டுக்கு அதைவிடச் சந்தோஷம். வித்தியாதரிசிக்குச் சங்கு சேர்க்கிற பைத்தியம் உண்டென்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

வித்தியாதரிசி வாயில் சுருட்டோடு வந்தார். பிள்ளைகள் இருக்கிற அறை என்ற நினைப்பே கிடையாது, அப்படியொரு புகை. கேட்ட கேள்விக்கெல்லாம் பிள்ளைகள் டக்டக்கென்று பதில் சொன்னதில் அவருக்கு நல்ல திருப்தி. அலுமாரியிலிருந்து ஒரு வடிவான புள்ளிச் சங்கை எடுத்து, தனக்கென்று மேசையில் வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்த நண்டை எப்படி வெளியே எடுத்தாய் என்று, கொண்டுவந்தவள் என ஒஸ்வால்ட் காட்டிய றோஸியைக் கேட்டார்.

றோஸி சட்டைப்பையிலிருந்து உயிர் நண்டுள்ள சங்கொன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சேர், அந்தச் சுருட்டைத் தாங்கோ."

சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவள் நெருப்பைச் சங்கின் நுனியில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மயிர் கருகுவதுபோல ஒரு வாடை. நண்டு துடித்து வெளியே விழுந்தது. இளஞ்சிவப்பு வாலை இழுத்துக்கொண்டு, ஒளிய இடமில்லாமல் வெண்கட்டிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

மாமா தூண்டில் இரைக்கு இப்படித்தான் எடுக்கிறவர் என்றாள் றோஸி. ஓடு போனால் செத்துப்போகும் என்று ரீச்சர் சொன்னது சரிதானாம், எல்லாம் செத்துப்போய்விட்டனவாம். பெருமையாகத்தான் சொன்னாள். வித்தியாதரிசி சுருட்டைத் திரும்ப வாங்கி வாயில் வைத்துக்கொண்டு கைதட்டினார். அருமையான செய்முறைப் பாடமாம், இன்னொன்று இருந்தால் இன்னொரு தரம் செய்துகாட்டட்டுமாம். ஒஸ்வால்டும் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டினார்.

ரீச்சர் திரும்பி அலுமாரியைப் பார்த்தாள். அந்தப் பளபளப்பெல்லாம் இப்படி வந்ததுதானா? சீ, என்ன மனுஷர் இவர்கள்! சின்னப்பிள்ளைக்குத் தெரியாது. பெரியவர்களுக்குமா தெரியாது?

நண்டு மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. அவள் வெறுங்கையை நீட்டி அதை எடுத்தாள். ஈரச்சதை விரலில் ஒட்டியது. மற்றக் கையால் வித்தியாதரிசியின் முன்னாலிருந்த புள்ளிச் சங்கை எடுத்து, அதன் வாயருகே நண்டை விட்டாள். அது தடவிப் பார்த்தது. பிறகு வாலை முதலில் நுழைத்து, சுருண்டு உள்ளே போனது.

"சேர், சுருட்டை வெளியிலை எறிஞ்சிட்டு வாங்கோ," என்றாள்.

கோபத்தோடு வெளியே போன வித்தியாதரிசி திரும்பி வரவில்லை. பின்னால் ஓடிய ஒஸ்வால்ட் மட்டும் வந்து, இந்தத் தவணையோடு உமக்கு இங்கே வேலையில்லை என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கத்திவிட்டுப் போனார்.

றோஸிக்கு அழுகை முட்டியது. ரீச்சர் இன்னும் கை கழுவாமல் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், உங்களுக்கு அரியண்டமா இல்லையோ?"

"இருக்குப் பிள்ளை," என்றாள் பிறிஜெற். "நண்டிலை இல்லை. உன்னிலையும் இல்லை."