பாதியில் நின்ற சிரிப்பு

என் பெரியம்மா தைலம்மாளுக்கு வலி என்று ஒன்று உண்டு என்பதே கிளியனூரில் யாருக்கும் தெரியாது. வரப்பில் தேள் கொட்டியபோது, "கொட்டுச்சு, போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் களை வெட்டப் போனவள் அவள். பல் பிடுங்கிய அன்று சாயங்காலம் வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, வறுத்து எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தானும் மென்றாள். மறுபக்கக் கன்னத்தில்தான். இருந்தாலும் மென்றாள்.

அவளிடம் ஒரே ஒரு பலவீனம், சிரிப்பு. அதுவும் ஒரு கதைக்கு. சினை பார்க்க வந்த மாட்டு டாக்டரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பெரியப்பா அரசப்பனை எங்கள் பசு உதைத்தது. அவர் கழனித்தண்ணித் தொட்டிக்குள் விழுந்தார். தலையில் வாழைப்பழத் தோலோடு எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, குளிச்சிக்கினு இருக்கேன்" என்றார். அந்த ஒரு வரியை நான் பெரியப்பா குரலில் சொன்னால் போதும், பெரியம்மா எந்த வேலையில் இருந்தாலும் அடி வயிற்றிலிருந்து சிரிப்பாள். ஒரு கருமாதி வீட்டில் சொல்லி இரண்டு பேரும் திட்டு வாங்கியிருக்கிறோம்.

மல்லாட்டை பறிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. தேர்தல் எல்லாம் இல்லை. எதிர்த்து நிற்க ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பறிப்புக்கு ஒரு முறை உண்டு. உன் கொல்லைக்கு, அதாவது கடலை போட்ட நிலத்துக்கு, நாங்கள் வருவோம், எங்கள் கொல்லைக்கு நீங்கள் வர வேண்டும். பெரியம்மா இந்த வருஷம் எல்லார் கொல்லைக்கும் போய் முடித்துவிட்டாள். அவளுடையது மட்டும் பாக்கி. மழை பெய்து மண் இளகியிருந்தது. இன்னும் விட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. அவள் சொல்லவில்லை. வடை சுட்டுவிட்டு, ஒன்றுகூடத் தொடாமல் எழுந்து போனதைப் பார்த்தேன். உடம்பு வேறு சுட்டது. பெரியப்பாவிடம் போட்டுக்கொடுத்தேன். அவர் போட்ட சத்தத்தில் டாக்டரிடம் போனாள். அவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றோடு போக வேண்டும், சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிக்கொள்ளும், சரியாகத் தெரியாது என்றார்.

திண்டிவனத்துக்குத் துணையாக நான் போனேன். பத்தாவது கணக்குப் பரீட்சையோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தவன் நான்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா பெரியம்மா அது? ஒண்ணும் சாப்புடக் கூடாதுன்னாங்களே."

"சாப்பாடா இது? உங்க பெரியப்பாவோட இடுப்பு வலி மாத்தர. அங்க அமுக்கிப் பாப்பாங்களாம். கத்திட்டன்னா படுக்க வெச்சிருவாங்க. நாளைக்குப் பறிப்பு."

"வலிக்குதான்னு பாக்கத்தானே போறோம்?"

"பேஜாரு பண்ணாதடா. மாத்தர போட்டத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு." என் கையைப் பிடித்துத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டாள். சத்தியம் ஆகிவிட்டது. நான் ஏகப்பட்ட பொய் சொல்கிறவன்தான். ஆனால் பெரியம்மா தலையில் செய்த சத்தியத்தோடு விளையாட மாட்டேன்.

ஸ்கேன் அறை இருட்டாக, குளிராக இருந்தது. டாக்டர் ஷாலினி வயிற்றில் பசை தடவி, கருவியை விலாவுக்குக் கீழே வைத்துத் தேய்த்தார். திரையில் கறுப்பாக ஒரு பை தெரிந்தது. அதன் கழுத்தில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிழல்.

"கல்லு இருக்கும்மா. பை சுவரும் தடிச்சாப்ல இருக்கு." கருவியைப் பையின் மேலேயே வைத்து அமுக்கினார். "மூச்ச இழுங்க. வலிக்குதா?"

பெரியம்மா மூச்சைக் கொஞ்சமாக, திருட்டுத்தனமாக இழுத்தாள். "இல்லீங்க."

"நல்லா சொல்லுங்க. இந்த எடத்துல வலிச்சா பித்தப்பை புண்ணாயிருக்குன்னு அர்த்தம். இன்னைக்கே ஆஸ்பத்திரில சேரணும். வெறும் கல்லுன்னா அவசரம் இல்ல, வீட்டுக்குப் போயி நெதானமா பாத்துக்கலாம்."

"வலியே இல்லீங்க டாக்டர். வீட்டுக்குப் போறேன்."

சொல்லிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். போர்வைக்கு வெளியே அவளுடைய கால் விரல்கள் மடங்கியிருந்தன. டாக்டருக்குத் திரைதான் தெரிந்தது, எனக்கு விரல்கள் தெரிந்தன. வாயைத் திறந்தால் சத்தியம் போகும். திறக்காவிட்டால் நாளைக்கு இவள் கொல்லையில் குனிந்து நிற்பாள்.

மாத்திரையைப் பற்றித்தான் சத்தியம். மாட்டைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"டாக்டர், இன்னொரு தடவ அமுக்குங்க" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு அமுக்கினார். நான் பெரியப்பா குரலில், "ஒண்ணுமில்ல, குளிச்சிக்கினு இருக்கேன்" என்றேன்.

பெரியம்மாவுக்கு அடி வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பாதி வந்தது. அதோடு நின்றது. மூச்சும் அங்கேயே நின்றது. கை தானாகப் போய் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் சிரிப்பு பாதியில் நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

டாக்டர் கருவியை எடுத்துவிட்டார். "ஏம்மா, மாத்தர எதாவது போட்டீங்களா?"

"காலைல ஒண்ணு" என்றாள் பெரியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "துரோகி" என்றாள்.

"நான் மாத்தரையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"வாய மூடு."

டாக்டர் திரும்பவும் வைத்துப் பார்த்து, பையைச் சுற்றி மெல்லிசாக நீர் கோத்திருப்பதைக் காட்டினார். அன்றைக்கே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போகிற வழியெல்லாம் பெரியம்மா போனில் கத்திக்கொண்டே வந்தாள். "நான் இல்லன்னு பறிப்ப நிறுத்தாதீங்க. மேக்கால மொதல்ல பறிங்க, அங்கதான் ஈரம் ஜாஸ்தி." பெரியப்பா அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தார். அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் பெண்கள் சொன்னபடி வந்துவிட்டார்கள். அவர்களில் புனிதா அக்கா தலைமை தாங்கினாள். பெரியம்மா மாதிரி மிரட்டத் தெரியாவிட்டாலும் முயற்சி செய்தாள் என்று கேள்வி. இருட்டுவதற்குள் கொல்லை முடிந்தது.

சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு நான் மண்ணோடு ஒரு பிடி மல்லாட்டை கொண்டுபோனேன். "இப்ப இதெல்லாம் நீ தின்னக் கூடாதாம்" என்றேன்.

"யாரு திங்கப் போறா?" ஒரு காயை உடைத்து, பருப்பைத் தள்ளிவிட்டு, ஓட்டின் உள்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உள்ள கறுத்திருக்கு. நல்லா முத்துனதுதான். சரியான நேரத்துலதான் பறிச்சிருக்காளுங்க."

பெரியப்பா கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். "வலிக்குதா?" என்றார்.

பெரியம்மா கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தாள்.

"வலிக்குது" என்றாள்.

பெரியப்பா பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட ஓடினார். ஓடுகிற வேகத்தில் வாசலில் இருந்த வாளியில் இடித்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"டேய், தையல் போட்டிருக்கு. வாய தொறந்த, கொன்னுடுவேன்."

திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.