வெதநெல்லுக்குள்ள வச்ச பொஸ்தகம்

எங்க தெருவுல மொத மொதல்ல கேபிள் கம்பி இழுத்தாங்களே, தென்ன மரத்துக்குத் தென்ன மரம் கருப்பா தொங்கிக்கிட்டு, காக்கா வந்து உக்காந்தா ஆடுமே, அந்த வருஷம். ஆனி கழிஞ்சு ஆடி பொறந்தும், எங்க வயலுக்குப் பாயுற புதாத்துல தண்ணி வரல. அந்த வருஷத்த நெனச்சா எனக்கு மொதல்ல வர்றது ஒரு வாடை. வெதநெல்லு வாய்க்கால்ல ஊறி, கரையேறி, வைக்கலுக்கு அடியில கெடந்து சூடேறி, மூட்டைய அவுக்கும்போது மூஞ்சியில அடிக்குமே ஒரு புளிச்ச வாடை, அதுதான். மொளப்பு நல்லா வந்திருக்குன்னு மத்தவங்க அதுல சந்தோஷப்படுவாங்க. நான் மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குவேன்.

எம்மவ செல்வி அப்ப மூணாங்கிளாஸ். நான் பள்ளிக்கூடத்து வாசப்படிய மிதிச்சவன் இல்ல. எம்பொஞ்சாதி ராசாத்தி ரெண்டாங்கிளாஸோட மாடு மேய்க்கப் போனவ. தஞ்சாவூர்லேருந்து பஸ்ல வருவாங்க சகாயமேரி டீச்சர்னு ஒருத்தவங்க, அவங்கதான் எங்கிருந்தோ படப் பொஸ்தகமா தேடி வாங்கியாந்து ஒரு பச்ச டிரங்குப் பெட்டியில போட்டு வச்சிருந்தாங்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம பெட்டியத் தொறந்து புள்ளைக்கு ஒண்ணு குடுப்பாங்க. வீட்டுக்குக் கொண்டு போயிப் படிச்சிட்டு, நோட்டுல அடுத்து யாரு பேரு எழுதியிருக்கோ அந்தப் புள்ள கையில அடுத்த வெள்ளிக்கெழம குடுத்துரணும். பள்ளிக்கூடத்துல அதுக்கு லைப்ரரின்னு பேரு. எங்க தெருவுல "பெட்டி பொஸ்தகம்"னுதான் சொல்லுவோம்.

அந்த வாரம் செல்வி கொண்டாந்தது ஒரு யானைப் பொஸ்தகம். சாயங்காலம் அடுப்படிக்குப் பக்கத்துல உக்காந்து சத்தம் போட்டுப் படிப்பா. கதை இதுதான். ஒரு பள்ளிக்கூடத்துல பொஸ்தக அலமாரி. ஒரு பொண்ணு அதுலேருந்து ஒரு பொஸ்தகத்த எடுத்தாந்து, யாருக்கும் குடுக்க மாட்டேன்னு தலவாணிக்கடியில ஒளிச்சு வச்சுக்குது. உள்ள இருக்குற யானை நாளுக்கு நாள் மெலிஞ்சுக்கிட்டே வருது. பயந்து போயி அந்தப் பொண்ணு பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட குடுக்குது, அவன் இன்னொருத்தர்கிட்ட, ஒவ்வொரு கைக்கும் யானை கொஞ்சம் கொஞ்சமா கொழுத்துருது. வெள்ளிக்கெழமலேருந்து நாலு சாயங்காலமும் நான் இதக் கேட்டேன். கேட்டுட்டு நான் செஞ்ச காரியத்தப் பாருங்க.

திங்கக்கெழம ராத்திரி அந்தப் பொஸ்தகத்தக் கையில வாங்கிப் படம் பாத்தேன். மொத பக்கத்துலயே, ஊதா மையில, வட்டமா ஒரு முத்திரை. பட்டுன்னு மூடிட்டேன்.

அது ஏன்னு சொல்லணும்னா எனக்கு ஏழு வயசா இருந்தப்ப நடந்தத சொல்லணும். எங்கப்பா குத்தகைக்கு உழுதுக்கிட்டு இருந்தாரு. கணக்குப்பிள்ளை வீட்டு வாசல்ல அவர நிக்க வச்சு ஒரு காயிதத்த நீட்டுனாங்க. நான் அவரு வேட்டிய புடிச்சுக்கிட்டு நின்னதால எங்கண்ணுக்கு நேரா இருந்துச்சு அந்தக் காயிதம். அதுலயும் இதே மாதிரி ஊதா வட்டம். பெருவெரல மையில அழுத்தி வையின்னாங்க, வச்சாரு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவங்க படிச்சுக் காட்டல, இவரும் கேக்கல. வெரல தலையில தொடச்சுக்கிட்டு, வாடான்னு என்னக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. அடுத்த நடவுக்கு எங்கள அந்த வயல்ல எறங்க விடல. எங்கப்பா வரப்புலயே கொஞ்ச நேரம் குந்தியிருந்துட்டு வந்தாரு. அன்னியிலேருந்து வட்ட முத்திரையக் கண்டா எனக்குக் கொலநடுக்கம். ரேஷன் கார்ட கூட ராசாத்திதான் எடுத்துக்கிட்டுப் போவா.

அதே முத்திரை இப்ப எம்மவ கையில. கிழிஞ்சா, தொலைஞ்சா, ஆட்டுக்குட்டி தின்னா, பள்ளிக்கூடத்துல புள்ள பேர அடிச்சுருவாங்கன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. எங்க வீட்டுல பீரோ கெடையாது. எங்களுக்குத் தெரிஞ்ச பத்திரமான எடம் ஒண்ணே ஒண்ணு, வெதநெல்லு மூட்டை. வீட்டுல அடுப்பு எரியலன்னாலும் அதுல கைய வைக்க மாட்டோம். நொச்சி எலை போட்டிருக்கறதால பூச்சி வராது. பொஸ்தகத்த ஒரு துண்டுல சுத்தி நெல்லுக்கு நடுவுல சொருகி, வாயக் கட்டி வச்சேன். யாருகிட்டயும் சொல்லல. வெள்ளிக்கெழம காலையில எடுத்துக் குடுத்துருவோம்னு நெனப்பு.

செவ்வாக்கெழம விடியக்காலம் பசுமாட்டுக்கு வயிறு உப்பிக்கிச்சு. வண்டியில ஏத்தி ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். சரியாகுற வரைக்கும் அங்கயே கெடன்னுட்டாங்க, மூணு நாள் ஆயிருச்சு. அங்க இருக்கும்போதே புதாத்துல தண்ணி வந்துருச்சுன்னு சனங்க பேசிக்கிட்டாங்க. எனக்கும் சந்தோஷந்தான். வெதநெல்ல யாரு ஊறப் போடுவாங்கங்கிற ரோசன எனக்கு வரவே இல்ல.

வெள்ளிக்கெழம உச்சி நேரத்துல மாட்டோட வீட்டுக்கு வந்தா, செல்வி பாயில சுருண்டு கெடக்குறா, ஒடம்பு அனலா கொதிக்குது. பொஸ்தகத்தக் காணும்னு ரெண்டு நாளா பானைக்குள்ள, வைக்கப்போர்ல, மாட்டுத் தொட்டியிலன்னு தேடியிருக்கா. தான்தான் தொலைச்சுட்டோம்னு பயந்து, வெளிய சொல்லாம, காச்சல் வந்துருச்சு. எனக்குச் சிரிப்பு கூட வந்துச்சு. எங்கிட்டல்ல இருக்குன்னு சொல்லிக்கிட்டே திரும்பிப் பாக்குறேன், மூட்டை இருந்த எடம் காலி.

எம்மச்சினன் கலியன் புதன்கெழமையே வாய்க்கால்ல போட்டு, மறுநா கரையேத்தி, வைக்கல் மூடி, மேல கல்லு வச்சிருக்கான். ஓடுனேன். அவுத்தேன். அந்த வாடை அடிச்சுச்சு. கையவிட்டு எடுத்தா, துண்டு முழுக்க மொளை. வெள்ள வெள்ளையா வேரு துண்டுக்குள்ள பூந்து, பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவுல ஓடியிருக்கு. யானை வீங்கிக் கெடக்கு. மொத பக்கத்தத் தொறந்தேன். முத்திரையக் காணும். ஊதாவா ஒரு கறைதான் இருக்கு.

கலியன் பக்கத்துல நின்னுக்கிட்டு, "சர்க்கார் பொஸ்தகத்துல நாத்து விட்ட மொத ஆளு நீதான் மாமா"ன்னான். சிரிச்ச கையோட அவனுக்கும் மூஞ்சி சுண்டிப் போச்சு. முத்திரைய அழிக்கிறது பெரிய குத்தம்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கானாம். அவன் ஞாயித்துக்கெழம திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குக் கெளம்புறதா இருந்தான். எங்க தெருவுல அப்பவே நாலு வீடு பூட்டிக் கெடந்துச்சு. நீங்களும் வந்துருங்க, அங்க யாரு வந்து தேடப் போறான்னான். எனக்கு அதுதான் சரின்னு பட்டுச்சு. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாம, மாத்துச் சான்று கேக்காம, புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடிருவோம்னு முடிவே கட்டிட்டேன். செல்வியோட படிப்பு அதோட போயிரும்னு எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சும்தான் நெனச்சேன். பயம் அப்படிப் புடிச்சிருந்துச்சு.

ராசாத்திதான் தடுத்தா. மொளச்ச வெதைய மூட்டையில விட்டுட்டு எவனாச்சும் ஊரவிட்டுப் போவானான்னா. அது நாயம். மொளைக்கு நாள் பொறுக்காது. சனிக்கெழம நாத்தங்கால்ல எறங்கி வெத விட்டோம். ஞாயித்துக்கெழம கலியன் மட்டும் பஸ் ஏறுனான். அன்னிக்கு செல்விக்குக் காச்சல் விட்டுருச்சு. வெயில்ல காயப்போட்டிருந்த பொஸ்தகத்துலேருந்து வேர ஒண்ணொண்ணா புடுங்கிக்கிட்டே சொன்னா, "அடுத்தது பர்வீனுப்பா. வெள்ளிக்கெழமயே அவளுக்குக் குடுத்துருக்கணும். பாவம், பாத்துக்கிட்டே இருப்பா." பர்வீனு கடைத்தெரு பாய் வீட்டுப் பொண்ணு. அப்பாவ அத்தான்னு கூப்புடுவா, அவரு சவுதியில இருந்தாரு. முத்திரை போன பக்கத்தப் பொரட்டிட்டு, செல்வி அடுத்த வேரப் புடுங்குனா.

திங்கக்கெழம சட்ட மாட்டிக்கிட்டு செல்வியோட பள்ளிக்கூடம் போனேன். செருப்ப வாசல்லயே கழட்டிட்டு உள்ள போனேன். டீச்சர் முன்னாடி பொஸ்தகத்த வச்சிட்டு, தப்பு என்னுது, புள்ள மேல ஒண்ணும் இல்ல, அவ பேர அடிச்சுராதீங்கன்னு சொன்னேன். எங்க வச்சிருந்தீங்கன்னு கேட்டாங்க. வெதநெல்லுலன்னேன். அவங்க சிரிக்கல. பக்கத்தையெல்லாம் கிழியாம மெதுவா பிரிச்சுப் பாத்தாங்க. நானே வாயவிட்டு, முத்திரை கரைஞ்சு போச்சுங்கன்னு சொல்லிட்டேன்.

"அது மைதாங்க. தண்ணி பட்டா கரையத்தான் செய்யும்."

அம்புட்டுத்தான் சொன்னாங்க. அப்புறம் நோட்ட எடுத்து என்னமோ எழுதி, எம்பக்கம் திருப்பி, கையெழுத்தா ரேகையான்னு கேட்டுக்கிட்டே மைப் பெட்டியத் தொறந்தாங்க. அதே ஊதா. நான் கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டேன். கணக்குப்பிள்ளை வீட்டு வாசல், எங்கப்பாவோட வேட்டி, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துருச்சு.

எம்பின்னாடி நின்ன செல்வி முன்னால வந்தா. நோட்டுல வெரல வச்சு, எழுத்து எழுத்தா ஓட்டிப் படிச்சா. "புத்தகம் நனைந்தது. படிக்க முடிகிறது. அடுத்து, பர்வீன்."

"வேற ஒண்ணும் எழுதலயேம்மா?"

"எழுதலப்பா."

இன்னொருதரம் படிக்கச் சொன்னேன். படிச்சா. அதுக்கப்புறந்தான் வெரல மையில வச்சேன்.

நான் வாசல் தாண்டுறதுக்குள்ள பர்வீனு பொஸ்தகத்த வாங்கிட்டா. "உங்க யானை ஆத்துல குளிச்சுட்டு வந்துருக்குடி"ன்னு அவ சொன்னதும் வகுப்பே சிரிச்சுச்சு. செல்வியும் சிரிச்சா.

இப்ப எங்க ஊர்ல மூட்டைய வாய்க்கால்ல ஊறப் போடுறவங்க இல்ல. கம்பெனிக்காரன் பையில அடச்சு வெதை வருது. அதுலயும் ஒரு முத்திரை அடிச்சிருக்கு, அதப் பிரிக்க இன்னும் எம்மருமவனத்தான் கூப்புடுவேன். புள்ளைங்கள வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருது, பள்ளிக்கூடத்துல கொஞ்சூண்டு புள்ளைங்கதான். பச்சப் பெட்டியில சுண்ணாம்புத் தூள் போட்டு வச்சிருக்காங்க. பர்வீனு வீட்டுல எல்லாரும் சவுதிக்கே போயிட்டாங்க. செல்விய கேட்டா, யானை மட்டும் ஞாபகம் இருக்குப்பாங்குறா. காச்சல் வந்தது, தேடுனது ஒண்ணும் நெனப்பு இல்லையாம். பயந்தது நான் ஒருத்தன்தான் போலருக்கு.

அந்தப் பொஸ்தகம் எத்தன கை மாறுச்சோ, இப்ப எங்க கெடக்கோ. உங்க வீட்டுப் பரண்லயோ, பழைய பேப்பர் கட்டுலயோ, ஓரமெல்லாம் வீங்கி, மொத பக்கத்துல ஊதா கறையோட ஒரு யானைப் பொஸ்தகம் ஆப்புட்டா, எங்கிட்ட கொண்டாராதீங்க. பத்திரமாவும் எடுத்து வைக்காதீங்க. பக்கத்து வீட்டுப் புள்ள கையில குடுத்து, படிச்சுட்டு அடுத்த புள்ளைக்குக் குடுத்துரணும்னு மட்டும் சொல்லிருங்க.